வெட்டாத வாளுக்கு எதற்குக் கவசம்?

மொழிக்கென அமைந்த ஒரு பொழிவு வரிசையில் வாட்பயிற்சியின் காப்புக் கருவிகளைப் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். தொடக்கத்தில் நமக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆயினும், ஒரு பொருள் மக்கள் கையில் இருக்கும் வரைதான் அதன் பெயர் அவர்தம் வாயில் இருக்கும் என்று பல்லாண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வந்தோம். அவ்வுண்மையை ஒரு தோட்டத்துப் பயிற்சிக்கூடத்தில் நேரிற் கண்டபின் அதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று என்று கருதினோம்.

ரெம்பாவ், நெகிரி செம்பிலானின் தென்பகுதியில் அமைந்த மாவட்டம். சிரம்பானிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டி ரெம்பாவைக் கடந்துதான் தம்பினை நோக்கிப் போகிறது. தாய்வழி உரிமையைப் பேணும் அடாட் பெர்பாத்தே மரபைக் காத்துவரும் மலாய் மக்களின் ஊர்களுக்கு இடையே, ஒரு காலத்தில் ரப்பர் நின்று இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கும் நிலப்பரப்பில், தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. சில இடங்களில் கோயிலும் அதனை ஒட்டிய கூடமும் மட்டும் எஞ்சியுள்ளன. அவ்வாறு எஞ்சிய ஒரு கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் சிலம்பப் பயிற்சி நடைபெறுகிறது. நாம் பிறந்து வளர்ந்த தோட்டமும் அதுவே ஆதலின், திருவிழாவையொட்டி ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்குச் செல்வது வழக்கம்.

ஈராண்டுக்கு முன் அங்ஙனம் சென்றிருந்தபோது, கோலாலம்பூரில் கல்லூரியிற் பயிலும் அத்தோட்டத்துப் பெண்ணொருத்தி, விடுமுறைக்கு வந்தவள், பருத்த பையொன்றைத் தோளில் சுமந்துகொண்டு கூடத்துக்குள் வந்தாள். சிறு வயதில் அங்கேயே சிலம்பம் கற்றவள். கல்லூரியில் கெண்டோ என்னும் ஜப்பானிய வாட்கலையைக் கற்று வருகிறாள். பையிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். சிலம்பச் சிறுவர் சூழ்ந்துகொண்டனர். தொண்ணூறு வயதைக் கடந்த அவளுடைய கொள்ளுப்பாட்டியார் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அங்கிருந்த மூங்கில்வாளைச் சுட்டி, "இது வெட்டுமாடி?" என்றார்.

"வெட்டாது பாட்டி, வெறும் மூங்கிலு."

"வெட்டாதா? அப்புறம் எதுக்கு இம்புட்டுக் கவசம்?"

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து முதியோர் இன்றும் 'ஜப்பான்காரன் காலம்' என்றே குறிப்பிடும் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதையை அமைக்கும் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் அங்கே மாண்டவர் தொகை மிகப் பெரிது. பாட்டியாரின் தமையனாரும் அவ்வாறு போனவர், திரும்பி வரவில்லை. ஜப்பானிய அதிகாரியின் இடையில் தொங்கிய நீண்ட வாளைச் சிறுமியாக இருந்தபோது கண்டவர் அவர். அவருடைய கொள்ளுப்பேத்தி அதே நாட்டின் வாட்கலை உடையோடு எதிரே நிற்கையில் அவர் மனத்தில் எழுந்தது யாதென நாம் அறியோம். அதை அவரிடம் கேட்கவும் துணியவில்லை. வாய்திறந்து அவர் கேட்டதோ தொழில்நுணுக்கமான ஒரு கேள்வி. அதற்குரிய விடையை நம்மால் இயன்ற அளவில் கூறுவோம்.

கெண்டோவின் காப்புக் கருவித் தொகுதிக்குப் போகூ என்று பெயர். 'காத்தற்குரிய கருவி' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அது நான்கு உறுப்புகளை உடையது. மென் என்பது தலைக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் உரியது. தமிழ்ச் செவிக்கு மென்மையை நினைவூட்டும் இச்சொல்லுக்கு ஜப்பானியத்தில் முகம் என்று பொருள். முகத்துக்கு முன்னே கிடைமட்டமான உலோகக் கம்பிகள் வரிசையாக நிற்கும். கண்ணுக்கு நேராக உள்ள ஓர் இடைவெளி மட்டும் மற்றவற்றினும் சற்று அகலமாக இருக்கும். அவ்வழியே எதிராளியை நோக்க வேண்டும். தடித்த பருத்தித் துணியை நெருக்கமாகத் தைத்த மடல்கள் இருபுறமும் தோள்மீது விழும். தொண்டைக்கு முன் தனி மடல் ஒன்று தொங்கும். டோ என்பது மார்பையும் வயிற்றையும் விலாவையும் மூடுவது. மரபு முறையில் அது மூங்கிற் பட்டைகளை அடுக்கி, மேலே தோல் போர்த்து, அரக்குப் பூச்சிட்டுச் செய்யப்படும். மாணவர் அணிவது பெரும்பாலும் செயற்கைப் பொருளாலானது. தாரே என்பது இடையில் கட்டித் தொங்கவிடும் தடித்த மடல்கள். 'தொங்குவது' என்பதே அப்பெயரின் பொருள். கொத்தே என்பது கையையும் முன்கையையும் காக்கும் உறை. கட்டைவிரலுக்கு ஓர் அறையும் ஏனைய நான்கு விரல்களுக்குச் சேர்த்து ஓர் அறையுமாக இருக்கும். இதன் நாற்றத்தைப் பற்றி அப்பெண் முன்னெச்சரிக்கை செய்தும் கேளாமல் ஒரு சிறுவன் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டான். வியர்வை ஊறிய தோலும் துணியும் நம் நாட்டு வெப்பத்தில் எளிதில் உலர்வதில்லை.

அணியும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. மண்டியிட்டு அமர்ந்து முதலில் தாரே, அதன்மேல் டோ, பிறகு தலையில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு மென், கடைசியில் கொத்தே. கை உறையை முன்னரே மாட்டிக்கொண்டால் மற்ற முடிச்சுகளைப் போட இயலாது என்பது வெளிப்படை. புதிதாகச் சேர்ந்தவர்க்கு இவற்றை உடனே கொடுத்துவிடுவதில்லை. வெறுங்கால்களோடு மரத்தரையில் அடியெடுத்து வைக்கவும், வாளை உயர்த்தி இறக்கவும் சில மாதங்களேனும் கற்ற பின்னரே போகூ அணிய இசைவு கிடைக்கும்.

வாளுக்குப் பதிலாகக் கையில் இருப்பது ஷினாய். நான்கு மூங்கிற் பட்டைகளைச் சேர்த்து, பிடியிலும் நுனியிலும் தோலுறை இட்டு, ஒரு புறம் நாண் கட்டி இறுக்கியது. அந்த நாண் இருக்கும் பக்கம் வாளின் முதுகைக் குறிக்கும், எதிர்ப்பக்கமே 'கூர்'. வளர்ந்த ஆடவர்க்குரிய ஷினாய் 120 செண்டிமீட்டருக்கு மிகாமலும் 510 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்பது போட்டி விதி. ஓங்கி அடிக்கும்போது பட்டைகள் வளைந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தாமே சிறிது வாங்கிக்கொள்கின்றன. ஆனால் மூங்கில் பிளக்கும் இயல்பினது. பிளந்த சிம்பு முகக்கம்பிகளின் இடையே புகுந்தால் கண் போய்விடும். ஆதலால் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பட்டைகளைத் தடவிப் பார்த்து, சிம்பெழுந்ததைச் செதுக்கி நீக்குவதும் பிளந்ததைக் கழிப்பதும் கட்டாயம். முகத்துக்குக் கம்பிகள் இருந்தும், உண்மையில் கண்ணைக் காப்பது இந்தத் தடவிப் பார்க்கும் விரல்தான் என்று அப்பெண் சிறுவரிடம் கூறினாள். நல்ல ஆசிரியரிடம் கற்கிறாள் என்பது தெரிந்தது.

இனிப் பாட்டியாரின் கேள்விக்கு வருவோம். போர்க்களத்துக் கவசம் பகைவனுக்காக அணிவது. பயிற்சிக் கவசமோ தோழனுக்காக அணிவது. இவ்வேறுபாட்டை உணர ஜப்பானிய வாட்பயிற்சியின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். முற்காலத்தில் மரவாளால் பயின்றனர். மரவாள் வெட்டாது; எலும்பை முறிக்கும். எனவே இருவர் எதிரெதிரே நின்று, முன்னரே வகுத்த வரிசைப்படி அடித்தும் தடுத்தும், உடலைத் தொடுமுன் வாளை நிறுத்தியும் பயின்றனர். இவ்வாறு வகுத்த வரிசைக்குக் கத்தா என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் கமிஇசுமி நொபுத்சுனா என்னும் ஆசான், பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்ட மென்வாளைக் கையாண்டார் என்று மரபு கூறும். 1711 முதல் 1716 வரையிலான ஷோத்தொக்கு ஆண்டுகளில் நகனுமா குனிசத்தோ என்பவர் முகக்காப்பையும் கைக்காப்பையும் சீர்செய்து, மூங்கில்வாளால் முழு வேகத்தோடு அடித்துப் பயிலும் முறையை வளர்த்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் நக்கனிஷி மரபினரும் அதனை மேற்கொண்டனர். அன்றே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கவசம் அணிந்து அடித்துக்கொள்வது விளையாட்டு, வாளின் மெய்ம்மை அதில் இல்லை என்றனர் ஒரு சாரார். தொடுமுன் நிறுத்தும் கை என்றென்றும் நிறுத்தவே பழகும், அதில் என்ன மெய்ம்மை உண்டு என்றனர் மறுசாரார்.

இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்பது நம் எண்ணம். 1912-இல் வகுத்தமைக்கப்பட்ட பத்துக் கத்தாக்களை மரவாள் கொண்டு இன்றும் கெண்டோ பயில்வோர் கற்பது, அவ்வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதற்கே சான்று. ஆயினும் கவசத்தின் பயன் இன்னதென்று இவ்வழக்கிலிருந்து தெளிவாகிறது. அடிபடுவோன் கவசம் அணிவது அடிப்போன் தயங்காமல் அடிக்கும் பொருட்டு. எதிரில் இருப்பவனின் தலை உடையுமே என்னும் அச்சம் கையைப் பிடித்து இழுக்குமாயின், தன் அடி உண்மையில் எட்டுமா, எட்டாதா என்பதை எவனும் அறிய இயலாது. வாள் வெட்டாதது என்பதால் கவசம் வேண்டாததாகிவிடவில்லை. வெட்டாத வாளை வெட்டும் வாளைப் போலவே வீசவேண்டும் என்பதால்தான் கவசம் வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கவசம் எதை மூடுகிறதோ அதுவே அடிக்கத்தக்க இடம் என்றாகிவிடுகிறது. கெண்டோவில் தலை, மணிக்கட்டு, விலா ஆகியவற்றை வெட்டலாம், தொண்டையைக் குத்தலாம். தொண்டைக் குத்து சிறாருக்கு இல்லை. தொடையையும் முழங்காலையும் அடித்தால் புள்ளி கிடையாது. உண்மை வாள் தொடையை விட்டுவைக்குமா என்றால் விடாது. கவசம் ஒரு கலையைக் காக்கும்போதே அதன் எல்லையையும் வரைந்துவிடுகிறது. அந்த எல்லைக்குள் கெண்டோ மிகக் கண்டிப்பானது. வாள் பட்டால் மட்டும் புள்ளி ஆகாது. உரிய இடத்தில், வாளின் உரிய பகுதியால், உடலும் குரலும் அடியும் ஒன்றாகச் சேர்ந்து விழவேண்டும். அடித்த பின்னும் விழிப்புக் குலையாதிருக்க வேண்டும். வென்ற மகிழ்ச்சியில் கையை உயர்த்திக் குதித்தால் கிடைத்த புள்ளியும் நீக்கப்படலாம்.

மொழியியலாருக்கு இங்கே ஒரு விருந்து காத்திருக்கிறது. அடிப்பவர் தாம் அடிக்கும் இடத்தின் பெயரைக் கூவியபடியே அடிப்பது வழக்கம். முகம் என்னும் உறுப்பும் மென், அதை மூடும் கருவியும் மென், அங்கு விழும் அடியும் மென், அப்போது எழும் முழக்கமும் "மென்!" ஒரே சொல் நான்கு வேலைகளைச் செய்கிறது. ஆகவே இச்சொற்களை மொழிபெயர்த்தல் கூடாது என்பது நம் கருத்து. ஓங்கிய கையோடு "முகக்காப்பு!" என்று கூவி முடிப்பதற்குள் எதிராளி அடித்துவிட்டுப் போய்விடுவான். ஒரு கலையின் உயிர்ப்பொலியாக இருக்கும் சொல்லை அக்கலையோடே ஏற்றுக்கொள்ளுதல் மொழிக்கு இழிவன்று. சொல்லாக்கக் குழுக்களில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் இதனைக் கேட்டு வருந்தக்கூடும். நாமும் அங்கு அமர்ந்தவர்களே.

கொத்தே என்ற சொல்லைக் கேட்டவுடன் அவையிலுள்ள சிலருக்குக் கோதை நினைவுக்கு வந்திருக்கும். கம்பராமாயணப் போர்க்காட்சிகளில் வில்லாளியின் கைத்தோலுறை கோதை எனப்படுகிறது; விரலுறை புட்டில் எனப்படுகிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று ஓனோ சுசுமு போன்ற அறிஞர் எழுதியதை ஆர்வத்தோடு படித்தவர்கள், 'இதோ மற்றுமொரு சான்று' என்று எழுந்து நிற்கக்கூடும். அருள்கூர்ந்து அமர்க. கொத்தே என்பதில் 'தே' என்பது கை. கோதையோ, வில்லாளியின் கைத்தோலுறையைக் குறிக்கும் பொருளில், 'கோதா' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அவ்வடசொல் உடும்பையும் குறிக்கும், கைத்தோலுறையையும் குறிக்கும். மாலையைக் குறிக்கும் கோதை வேறு சொல். இரு மொழிகளில் இரு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது சந்தையில் முகம் ஒத்த இருவரைக் காண்பது போன்றது. உறவு கொண்டாடும் முன் ஊரும் பேரும் கேட்க வேண்டும். மொழிகளின் உறவைப் பற்றிய அக்கொள்கையை ஒப்பியல் அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஒலியொப்புமையினும் நமக்கு இனிதாகத் தோன்றுவது பொருளொப்புமை. கொத்தே என்பதை எழுதும் பழைய முறையொன்றில் முதலெழுத்துக்குக் 'கூடை' என்று பொருள். கூடை போல் கையை மூடுவது. தமிழ்ப் புட்டிலுக்கும் முதற்பொருள் பிரம்பால் முடைந்த கூடையே. கடல்கடந்த இரு நாட்டினர், ஒருவரை ஒருவர் கேளாமலே, கையுறையைக் கூடையாகக் கண்டிருக்கின்றனர்.

புட்டிலைப் போலவே கவசத்துக்கும் நம்மிடம் சொல் நிறைய இருந்தது. மெய்ம்மறை, அரணம், சாலிகை என்பன கவசத்தைக் குறித்தன. பதிற்றுப்பத்து மெய்ம்மறை என்னும் சொல்லை அரசனுக்கே ஆக்கி, வீரர்களின் கவசமாக அவனைக் காட்டுகிறது. தோல், கிடுகு, பலகை என்பன கேடயத்தைக் குறித்தன. இவையாவும் இன்று அகராதியில் உறங்குகின்றன. கவசம் ஒன்றே வழக்கில் எஞ்சியது. அதுவும் எவ்வாறு எஞ்சியது? கந்தர் சஷ்டி கவசத்தால். தலை முதல் அடி வரை உறுப்புறுப்பாகச் சொல்லி வேலைக் காவலுக்கு அழைக்கும் அந்நூலை, ரெம்பாவ்த் தோட்டத்தில் பார்க்காமல் சொல்லக்கூடிய பாட்டிமார் பலர். பாட்டியார் 'கவசம்' என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆண்டமைக்கு அதுவே காரணம். இரும்பாலும் தோலாலும் ஆன கவசம் கையைவிட்டுப் போனபின், சொல்லாலான கவசமே அச்சொல்லைக் காத்தது.

சிலம்பத்தில் கவசம் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் கம்பையும் சுவடையும் கொண்டுவந்தனர். காப்புக் கருவியென ஒன்றைக் கொண்டுவரவில்லை. கம்பும் இங்கே மாறியது. மூங்கிலுக்கு ஈடாகப் பிரம்பு எளிதிற் கிடைத்தது. மலாய்ச் சொல்லே தோட்டத்து வாயில் 'ரோத்தான்' ஆயிற்று. பிரம்பு உள்ளீடுடையது, மூங்கில் போலப் பிளவாது, நார்நாராகத் தேயும். கண்ணுக்கு அதனால் இடர் குறைவு. ஆனால் மூங்கிற் பட்டைகள் போல் அது வளைந்து அடியை வாங்கிக்கொள்வதுமில்லை; முழு அடியும் பட்ட இடத்திலேயே இறங்கும். கவசமின்றி இதனைப் பயில்வதற்கு நம் முன்னோர் கண்ட வழிகள் சில. அடியையும் தடுப்பையும் வரிசையாகப் பயின்றனர். தொடுமுன் நிறுத்தினர். சில இடங்களில் கம்பின் நுனியில் ஒட்டும் பொடியைப் பூசி, உடலில் விழுந்த பொட்டுகளை எண்ணி வெற்றி கண்டனர். பொட்டு வைப்பது மிக நுட்பமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. வலியின்றி உண்மை தெரிகிறது. ஆனால் அதற்கு இரு புறமும் தேர்ந்த கை வேண்டும். தேர்ந்த கை அருகிய இடத்தில் அடிமுறை பின்வாங்கி, அலங்காரமாகச் சுற்றுவது முன்னுக்கு வந்தது. திருவிழாவில் தீப்பந்தம் கட்டிச் சுற்றுவோரைக் கண்டு மகிழ்கிறோம். எதிரில் ஒருவர் கம்போடு நின்றால் என் செய்வார் என்று கேட்பதில்லை. வாத்தியாரே இதனைச் சொல்லி வருந்தினார்.

இனி விரலைப் பற்றி. கம்பு வழுக்கி இறங்கும் இடம் விரல்முட்டி. நம் வலக்கைச் சிறுவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. (நாம், நாங்கள் என்னும் வேறுபாடுடைய மொழியில் 'நம் விரல்' என்று எழுதினால் அவையோர் அனைவர்க்கும் அது பொதுவாகிவிடும், இஃது எழுதுவோனுடைய விரல் மட்டுமே.) பன்னிரண்டு வயதில், அத்தோட்டத்துத் திடலில், அடியைத் தடுக்கப்போய் முறிந்தது. அன்று கற்பித்தவர், பெயர் வேண்டா, அழுதால் கம்பைத் தொடாதே என்றார். மூன்று நாள் எவரிடமும் சொல்லாமல் இருந்ததால் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. பின்னாளில் ஆய்வேட்டைக் கையால் எழுதும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அவ்விரல் தன்னை நினைவூட்டியது. புட்டில் என்னும் சொல்லை நிகண்டில் முதன்முதலாகக் கண்டு குறிப்பெடுத்ததும் அந்தக் கையால்தான். சொல் நிகண்டில் இருந்தது. விரல் தோட்டத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

அன்று கூடத்தில் இருந்த இப்போதைய வாத்தியார் அத்தகையவர் அல்லர். அவரிடம் பயில்வோரில் அவ்வாண்டு மட்டும் இரு சிறுவர்க்கு விரல் வீங்கியிருந்தது. பெற்றோர் ஒருவர் மகனை நிறுத்திவிட்டார். மற்றொருவர் தம் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கொடுத்தனுப்பினார். அதை அணிந்தால் சிறுவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்தும் தாங்கவில்லை. எனவே அப்பெண்ணின் கொத்தேயை வாத்தியார் ஆவலோடு வாங்கி மாட்டிக்கொண்டு கம்பை எடுத்தார். இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கம்பு நழுவிப் பாயில் விழுந்தது. மீண்டும் எடுத்தார், மீண்டும் விழுந்தது. "இதைப் போட்டுக்கிட்டுச் சோறுகூடப் பிசைய முடியாதும்மா" என்று சிரித்தபடி கழற்றிக் கொடுத்தார்.

அவர் திறமைக் குறைவால் நிகழ்ந்தது அன்று. வாளை இரு கைகளாலும் ஒரே இடத்தில் பற்றியிருப்பர், பிடி மாறுவதில்லை. ஆகவே நான்கு விரலையும் ஒரே அறையில் அடைப்பதால் இழப்பு மிகுதியில்லை. சிலம்பக் கம்போ விரலிடுக்குகளில் உருண்டு, கைமாறி, முன்னும் பின்னும் வழுக்கி ஓடுவது. விரல் தனித்தனியே உணர வேண்டும். மேலும், வாள் தலையையும் கையையும் விலாவையும் நாடும். கம்பின் இரு முனைகளும் அடிக்கும். கீழ்முனை கணைக்காலைத் தேடும். கெண்டோக் கவசத்தில் கணைக்காலுக்கு ஒன்றுமில்லை. இதற்கு நெருங்கியது ஜப்பானிலேயே உள்ள நகினத்தா என்னும் நெடுங்கோற் கலை. இரண்டு மீட்டருக்கும் மேல் நீண்ட கோலால் பயில்வது. அதில் கணைக்காலும் அடிக்கத்தக்க இடம். ஆதலால் அவர்கள் போகூவோடு சூனே ஆத்தே என்னும் கணைக்காற் காப்பையும் சேர்த்துக் கட்டுகின்றனர். இதனை அப்பெண் வாத்தியாருக்குத் தன் கைப்பேசியில் படமாகக் காட்டினாள். அவர் நெடுநேரம் அப்படத்தை உற்றுப் பார்த்தார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நம் அண்டையிலுள்ள சீலாட்டோ 1987 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் உள்ளது. அதன் போட்டியாளர் மார்பில் தடித்த காப்பு அணிவதை அனைவரும் கண்டிருப்பர். சிலம்பமும் இவ்வழியே செல்லுமாயின் காப்புக் கருவி வந்தே தீரும். அயல்கலைக்குரிய தலைக்காப்பையும் மார்புக்காப்பையும் கடையில் வாங்கி மாட்டிவிடுவது எளிது. ஆனால் கெண்டோவில் கண்டோம்: எதை மூடுகிறோமோ அதுவே அடிக்கத்தக்க இடமாகும். மார்பை மட்டும் மூடினால் சிலம்பம் மார்பைக் குத்தும் விளையாட்டாகச் சுருங்கும்; கீழ்வீச்சும் அதற்குரிய கால்சுவடும் சில ஆண்டுகளில் மறையும். முதலில் எவ்விடத்தை அடிப்பது என்று கலைவல்லார் கூடி முடிவு செய்யட்டும். பிறகு கருவி செய்யட்டும். பெயர் வைப்பது கடைசி வேலை. அது நம் போன்றோருக்கு உரியது, நாம் காத்திருக்கலாம்.

காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பொறுமையின்றி அன்றே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குச் சென்றபோது சிறுவர் கைகளில் புதுவகை உறைகள் இருந்தன. பழைய மோட்டார் சைக்கிள் கையுறைகளின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு, முட்டிகளின் மேல் மட்டும் ரப்பர்த் துண்டுகளை வாத்தியாரின் மனைவியார் தைத்திருந்தார். விரல் தனித்தனியே அசைகிறது, கம்பு ஓடுகிறது, முட்டிக்கு மட்டும் காப்பு. ரப்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டோம். அறுந்த செருப்பின் அடியை வெட்டியதாம். மலாயில் செலிப்பார் ஜெப்புன் என்றும், தோட்டத்தில் ஜப்பான் சிலிப்பர் என்றும் வழங்கும் அதே செருப்பு. பாட்டியார் அவ்வுறையொன்றை வாங்கித் தம் கையில் மாட்டிப் பார்த்தார்; முட்டிமேல் இருந்த ரப்பரை மறுகை விரலால் இருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விரற்புட்டில் என்று நாம் கொடுத்திருந்த பெயரை வாத்தியார் மறவாமல் கற்பித்திருந்தார். சிறுவர் அதைச் சுருக்கிவிட்டனர். பயிற்சி தொடங்கும் வேளையில் ஒருவன், "வாத்தியார், என் புட்டக் காணோம்!" என்று கூவினான். காலையுணவைத்தான் தேடுகிறான் என்று முதலில் நினைத்தோம்.